அசலுக்கு 106 ரூபாய்: எங்கள் வீட்டுக் கடனை மாற்றிய அனுபவம்

2023 மார்ச்சில்தான் எங்கள் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்டை முதன்முறையாக வரி வரியாகப் படித்தேன். அந்த மாதம் கட்டிய தவணை 26,926 ரூபாய். அதில் வட்டிக்குப் போனது 26,820. அசலில் கழிந்தது 106 ரூபாய். நம்ப முடியாமல் தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று தடவை கழித்துப் பார்த்தேன். 106தான்.

திருச்சியில் திருவெறும்பூர் பக்கம் 2021 அக்டோபரில் வீடு வாங்கினோம். 35 லட்சம் கடன், 20 வருடம், 6.9 சதவீத வட்டி. கொடுத்தது வங்கி அல்ல, ஒரு வீட்டுக்கடன் நிறுவனம். வங்கியிலும் கேட்டிருந்தோம். அங்கே 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், லீகல் ஒப்பீனியன் என்று மூன்று வாரம் இழுத்தது. வீட்டை முடித்துக் கொடுத்த புரோக்கர் கூட்டிவந்த ஏஜென்ட் நாலே நாளில் சாங்ஷன் லெட்டரைக் கையில் கொடுத்தார். வட்டியும் வங்கியைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, "வட்டி எவ்வளவு சார்?" என்பதுதான்.

அப்போது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். 2022 மே மாதம் ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. எங்கள் வட்டியும் கூடவே ஏறி 9.4 ஆனது. தவணைத் தொகை மாறாததால் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. 16 தவணையில் 4 லட்சத்து 30 ஆயிரம் கட்டியிருந்தோம்; அசல் குறைந்தது 76 ஆயிரம். அடுத்த மாதமே கடிதம் வந்தது: தவணை இனி 30,500, மீதி 271 மாதம். 20 வருடக் கடனில் ஒன்றரை வருடம் கட்டி முடித்தபின் இன்னும் 22 வருடம் பாக்கி. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது அந்த ஆண்டு ஆகஸ்டில். எங்கள் கடிதம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ரெப்போ ஏறினால் வட்டி ஏறத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினோம். 2025இல் அது இறங்க ஆரம்பித்தது. பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.5. நான் வேலை பார்க்கும் பள்ளியில், ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் தன் வட்டி முழுசாக ஒரு சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொன்னார். அவருடையது வங்கிக் கடன். என்னுடையது 9.4இலிருந்து 9.15க்கு வந்திருந்தது. ஏறும்போது இரண்டரையும் ஏறிய வட்டி, இறங்கும்போது கால் சதவீதத்தோடு நின்றது ஏன்?

அன்று இரவு பீரோவிலிருந்து பழைய சாங்ஷன் லெட்டரை எடுத்தேன். "மாறும் வட்டி" என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் எதைப் பார்த்து மாறும் என்பதில் இருந்தது விஷயம். அந்த நிறுவனம் தானே நிர்ணயிக்கும் பி.எல்.ஆர். என்ற அடிப்படை விகிதம். அதிலிருந்து எங்களுக்கென்று ஒரு கழிவு. ரெப்போ என்ற வார்த்தையே அதில் இல்லை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ மாதிரியான வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு மேலே வங்கி கூட்டிப் போடும் சதவீதமான ஸ்ப்ரெட்டையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அதே நிறுவனம் புதிதாக வருகிறவர்களுக்கு 7.9இல் கடன் தருவதாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பி.எல்.ஆரைத் தொடாமல் புதியவர்களின் கழிவை மட்டும் கூட்டினால் போதும். பழைய ஆள் 9.15லேயே கட்டிக்கொண்டிருப்பார். நாலு வருடமாக எங்களுக்கு இது தெரியவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

கடனை வேறு வங்கிக்கு மாற்றும் டேக் ஓவருக்கு இரண்டு வங்கியில் விண்ணப்பித்தோம். சம்பளச் சீட்டு, வரி ரிட்டர்ன், 12 மாத ஸ்டேட்மென்ட், பத்திர நகல் என்று வழக்கமான கட்டுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபருக்கு அபராதம் கிடையாது என்பதால் பழைய இடத்திலிருந்து வெளியேறச் செலவில்லை. நாங்கள் புதிய வரி முறையில் இருப்பதால் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு வரிச்சலுகையும் இல்லை. அதனால் அந்தக் கணக்கையும் ஒதுக்கிவிட்டோம்.

பொதுத்துறை வங்கி சொன்னது 7.60: ரெப்போ 5.50, ஸ்ப்ரெட் 2.10. பிராசஸிங் கட்டணம் தள்ளுபடி. லீகலுக்கும் மதிப்பீட்டுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 9,440 ரூபாய். தனியார் வங்கி சொன்னது 7.45. ஆளே வீட்டுக்கு வந்து பேப்பர் வாங்கிக்கொண்டார், இரண்டு நாளில் சாங்ஷன். என் கணவருக்கு அதில்தான் மனம் போனது. எனக்கும்தான்.

2024 அக்டோபரிலிருந்து கடன் கொடுக்கும் எவரும் கே.எஃப்.எஸ். என்ற முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும். வட்டியோடு மற்றக் கட்டணங்களையும் சேர்த்தால் வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதை ஏ.பி.ஆர். என்று அதில் போட்டிருப்பார்கள். தனியார் வங்கியின் அறிக்கையில் வட்டி 7.45, ஏ.பி.ஆர். 8.05. அரை சதவீதத்துக்கு மேல் எங்கே போகிறது என்று தேடினேன். பிராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டியோடு 19,470. லீகல் செலவு 10,000. அதற்குக் கீழே, கடன் காப்பீட்டுக்கு ஒரே தவணையாக 1 லட்சத்து 10 ஆயிரம்! அதையும் கடனிலேயே சேர்த்திருந்தார்கள். நாங்கள் கேட்டது 33 லட்சம், எழுதியிருந்தது 34 லட்சத்து 10 ஆயிரம். 18 வருடத்துக்கு மாதத் தவணை 28,712. பொதுத்துறை வங்கியில் அதே 18 வருடத்துக்கு 28,081, ஏ.பி.ஆர். 7.64. "குறைந்த வட்டி" சொன்ன இடத்தில் மாதம் 631 ரூபாய் அதிகம்.

"இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் மேடம் லோன் பாஸ் ஆகும்" என்றார் அந்த அதிகாரி. என் கணவருக்கு ஏற்கனவே 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி இருக்கிறது, அதைக் காட்டினேன். கட்டாயம் என்றால் எழுத்தில் கொடுங்கள் என்றேன். தரவில்லை. மாறாக, இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி என்றார். கே.எஃப்.எஸ். குறைந்தது மூன்று வேலை நாளாவது செல்லும் என்று விதி இருப்பதைச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. இப்படி ஒருவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

பழைய நிறுவனத்தில் கடன் முடிப்புக் கடிதம் கேட்டு எழுதிக் கொடுத்த மறுநாளே போன் வந்தது. மாற்றுக் கட்டணம் 5,900 ரூபாய் கட்டினால் 8.35க்கு இறக்கித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றதும் இரண்டு நாள் கழித்து 7.95. இந்த இடத்தில்தான் உண்மையாகவே தடுமாறினோம். ஏனென்றால் மாறுவதற்கும் செலவு இருக்கிறது. புது வங்கியில் பத்திரத்தை ஒப்படைப்பதை எம்.ஓ.டி. என்று பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு முத்திரைத் தீர்வை கடனில் அரை சதவீதம், உச்சம் 30,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 6,000. எங்கள் 33 லட்சத்துக்கு 16,500ம் 6,000மும் சேர்த்து 22,500. அதோடு அந்த 9,440. ஆக 31,940 ரூபாய். கடன் வாங்கித் தருகிறவர்கள் இந்த எம்.ஓ.டி. செலவைக் கேட்காமல் சொல்வதே இல்லை.

சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 7.95க்கும் 7.60க்கும் வித்தியாசம் 0.35. 33 லட்சத்துக்கு முதல் வருடம் 11,550 ரூபாய். மாறும் செலவு திரும்பி வரவே மூன்று வருடம் ஆகும். "இதுக்கா இவ்வளவு அலைச்சல்? இங்கேயே இருந்துடலாமே" என்றார் அவர். எண்ணை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். நான் 2023 ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்தேன். இன்றைக்கு 7.95 தருகிறார்கள், சரி. அடுத்த முறை ரெப்போ இறங்கும்போது நம் வட்டியும் இறங்கும் என்று எந்தத் தாளில் எழுதியிருக்கிறது? மறுபடி போன் செய்து, மறுபடி வெளியேறுகிறேன் என்று சொல்லி, மறுபடி கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும். இன்னும் 18 வருடம் நம்மால் அப்படிக் காவல் இருக்க முடியுமா என்று கேட்டேன். ரெப்போ ஏறினால் வங்கியிலும் ஏறும், அது எங்களுக்குத் தெரியும். ஏறுகிற அதே அளவுகோலில் இறங்கவும் வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் ஸ்டேட்மென்ட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பேங்குக்கே போவோம்" என்றார்.

பொதுத்துறை வங்கியில் ஆறு வாரம் பிடித்தது. வங்கி வக்கீல், மூலப் பத்திரத்தில் ஒரு வாரிசுதாரரின் தகப்பனார் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்று வாரிசுச் சான்று கேட்டார். வாங்கியபோதே யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும். நாலே நாளில் கடன் கிடைத்ததைப் பெருமையாக நினைத்தோமே, அந்த வேகத்தில் எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று அன்றுதான் யோசித்தேன். வீட்டை விற்றவரின் அக்கா லால்குடியில் இருந்தார். போய் நின்றதும் காபி கொடுத்து, சான்றின் நகலையும் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

செப்டம்பரில் புது வங்கியின் காசோலை பழைய கடனை அடைத்தது. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது. 22ஆம் நாள் கூப்பிட்டுக் கொடுத்த கட்டில் 1987ஆம் வருடத் தாய்ப்பத்திரம் இல்லை. அதை நாங்கள் அவர்களிடம் கொடுக்கவே இல்லை என்றார்கள். 2021இல் ஒன்பது ஆவணத்துக்கும் வரிசை எண் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்த ரசீதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் நகலோடு, 5,000 ரூபாய் விதியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்து, கடிதம் பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். 27ஆம் நாள் தாய்ப்பத்திரம் வந்துவிட்டது. கடன் வாங்குகிறவர்கள் வேறு எதைத் தொலைத்தாலும் அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஒப்படைப்புக்கு ரத்து ரசீது, புதியதற்கு எம்.ஓ.டி., இரண்டையும் ஒரே நாளில் முடித்தோம். பத்து நாள் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்து, பழைய நிறுவனத்தின் பாத்தியதை நீங்கிய பதிவு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

தவணையை நாங்கள் 28,081க்குக் குறைக்கவில்லை. 30,500 கட்டிப் பழகிவிட்டது, அதையே கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். பழைய இடத்தில் 9.15 வட்டியில் அதே தொகைக்கு 229 மாதம் பாக்கி இருந்தது. இங்கே 183 ஆனது. டிசம்பர் 5ஆம் தேதி ரெப்போ 5.25 ஆனது. நான் யாருக்கும் போன் செய்யவில்லை. 2026 ஜனவரியில் வங்கியிலிருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் வட்டி 7.35. ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்தேன். மீதி 174 மாதம்; வரும் மாதத் தவணையில் அசலுக்குப் போகப்போவது பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல்.