உயிர் எடையும் கறி எடையும்

தாராபுரம் பக்கம் கறிக்கடை வைத்திருக்கிறேன். கன்னிவாடி சந்தைக்கோ, மூலனூர், வெள்ளகோவில் சுற்றுவட்டார ஆட்டுப்பட்டிகளுக்கோ போய்ச் செம்மறிக் குட்டி பிடித்து வருவதும் நான்தான். பட்டிக்காரருக்கு உயிர் எடை கணக்கு. எனக்குக் கணக்கு, உரித்துக் கொக்கியில் மாட்டிய பிறகு நிற்கும் எடை.

மேய்ச்சலில் வளர்ந்த 20 கிலோ குட்டியை அறுத்தால் 9 கிலோ கறி நிற்கும். நன்றாகத் தேறிய குட்டி என்றால் பத்தைத் தொடும். மீதியெல்லாம் தோல், தலை, கால், குடல், ரத்தம். வயிற்றில் கிடக்கும் புல்லும் தண்ணீருமே 2, 3 கிலோ வரும். உப்பைக் காட்டி, தண்ணீர் குடிக்க வைத்துச் சந்தைக்கு ஓட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். தராசுக்கு அதெல்லாம் தெரியாது.

அதனால் முதலில் கை வைத்துப் பார்ப்பேன். கடைசி விலாவுக்குப் பின்னால், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் பக்கவாட்டு எலும்பின் நுனி தட்டுப்படும். அது கூராகக் குத்தினால் வயிறு எவ்வளவு உப்பியிருந்தாலும் கறி கிடையாது. நுனி மழுங்கி, மேலே சதை மூடியிருந்தால் விலை பேசலாம். அப்புறம் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். நல்ல சிவப்பாக இருக்கவேண்டும். வெளுத்துக் கிடந்தால் பெரும்பாலும் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுதான். தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். மழை முடிந்த கையோடு வருகிற குட்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன்.

பட்டிக்குப் போனால் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று. "ஏனுங்க, விக்கறதுக்கு ஒரு மாசம் முன்னால என்ன போட்டா எடை ஏறும்?" மக்காச்சோளமும் கடலைப்புண்ணாக்கும் போட்டால் ஏறத்தான் செய்யும், ஆனால் உடம்புவாகு உள்ள குட்டிக்கு. சவலையாக நின்றுபோன குட்டிக்குக் கொட்டும் தீவனம் வீண் செலவு. அந்த உடம்புவாகு தாயிடமிருந்து வருகிறது. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றுக்குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை மாதத்தில்தான் கூடுகிறது. அந்த ஒன்றரை மாதம் நம் ஊரில் பெரும்பாலும் சினையாட்டை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. மந்தையோடு மந்தையாக, கடைசியில் தள்ளாடிக்கொண்டு வரும். பிறக்கும் குட்டி சின்னது, மடியிலும் பால் இருக்காது. சீம்பாலைப் பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத குட்டிக்குச் சளியும் கழிச்சலும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். முதல் மூன்று மாதத்தில் பின்தங்கிய குட்டியைப் பிறகு தூக்கி நிறுத்துவது கஷ்டம்.

பிறக்கிற மாதமும் பேசும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கொறங்காட்டில், அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் எழுந்துவிடும். அதற்கடுத்து மார்கழியில் ஈன்ற ஆட்டுக்குப் பால் குறைவதில்லை. சித்திரை, வைகாசியில் பிறந்த குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாய்க்குக் கிடைப்பதெல்லாம் வெள்வேல மரத்துக் காயும் காய்ந்த சோளத்தட்டும்தான். கிளுவை வேலி போட்ட கொறங்காடு சொந்தமாக வைத்திருப்பவர் இரண்டு துண்டாக மாற்றி மாற்றி மேய்த்துச் சமாளிக்கிறார். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது.

மேச்சேரி என்ற செம்மறி இனத்தில் பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. பிறக்கும்போது இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். கிடாய்க்குட்டி பெட்டையைவிட வேகமாக ஏறும். இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குட்டிக்குக் குட்டி எடைக் குறிப்பு எழுதி, இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிகிடாயைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டிகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளில் முந்தி வளர்கிற கிடாய்க்குட்டிதான் முதலில் விலைபோகிறது. வாங்க ஆளில்லாமல் நின்றது மந்தைக்குப் பொலிகிடாயாகிவிடுகிறது. வருஷக்கணக்கில் அதே கிடாய்தான், சொந்த மகள்களோடும் சேரும். குட்டி சிறுத்துப்போய்விட்டது என்று அப்புறம் தீவனத்தைக் குறை சொல்கிறார்கள்.

முந்தி வளர்ந்த அந்தக் குட்டியை முதலில் விலை கேட்பவன் நானேதான். பழகிய பட்டிகளில், "இதை வெச்சுக்குங்க, ரெண்டு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் மாத்துங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். சரி என்று தலையாட்டுகிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் அவர்களே போன் பண்ணி, "அந்தக் கிடாய் நிக்குதுங்க, வர்றீங்களா?" என்கிறார்கள். நானும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.