குடும்ப வன்முறையும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த பணிக்கு விண்ணப்பித்தபோது: என்ன படித்தேன், என்ன கேட்டார்கள்

குடும்ப வன்முறையிலிருந்து வெளியே வந்தவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்குத் துணை நிற்கும் பணி அது. ஒரு தொண்டு நிறுவனத்தில் இடம் இருந்தது, விண்ணப்பித்தேன். இப்போது அதே வேலைக்கு முயற்சி செய்கிற சிலர் எப்படித் தயாராவது என்று கேட்பதால் எழுதுகிறேன். நம்முடைய இரக்கத்தைச் சோதிப்பார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். என்னிடம் கேட்டதில் பெரும்பகுதி வேறு விஷயம்: இவரிடம் ஒரு ரகசியம் போனால் எந்த வழியாகக் கசியும்?

விண்ணப்பத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. முன் அனுபவத்தை விவரிக்கும்போது பெயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதிவிடுகிறோம். கணவரின் வேலை, குழந்தைகள் எத்தனை பேர், எந்த மாதம் வந்தார் என்று அடுக்கினால் பெயரே தேவையில்லை, தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் அந்தப் பத்தியில் எனது வேலையை மட்டும் எழுதினேன்: தொலைபேசியில் ஆபத்தின் அளவைக் கேட்டறிவது, மருத்துவமனைக்குத் துணையாகப் போவது, வழக்குக் குறிப்பு எழுதுவது. ‘சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை’ வகை வாக்கியங்களுக்கு இடமே இல்லை. அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

படிப்பு என்று பார்த்தால், எச்.ஐ.வி.யைத் தனியாகவும் வன்முறையைத் தனியாகவும் படித்துவிட்டுப் போகாதீர்கள். கேள்விகள் இரண்டும் முடிச்சு விழுகிற இடத்திலிருந்துதான் வரும். மாத்திரையை ஒளித்துவைப்பது, மருத்துவமனை அட்டையைக் கிழிப்பது, ‘வேலை பார்க்கும் இடத்தில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டுவது, ‘குழந்தையை உன்னிடம் விடாமல் செய்கிறேன்’ என்பது எல்லாமே அடி விழாமல் நடக்கிற வன்முறை. கர்ப்பகாலப் பரிசோதனையில் பெண்ணுக்கு முதலில் தெரியவந்தால், அவர்தான் கொண்டுவந்தார் என்ற பழியும் அவர் தலையில் விழும்.

மருத்துவத்தில் அடிப்படை தெரிந்தால் போதும், ஆனால் அது சரியாகத் தெரிய வேண்டும். ஏ.ஆர்.டி. என்கிற, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து, 2016, 2019 ஆண்டுகளில் வெளியான பார்ட்னர் ஆய்வுகள் இதற்குப் பெரிய ஆதாரம். மருந்து அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு எதிர்ப்பும் உருவாகலாம். அதனால்தான் மாத்திரையை ஒளித்துவைப்பதைச் சில்லறைச் சண்டையாகப் பார்க்கக் கூடாது. பாதுகாப்புத் திட்டம் போடும்போதே, கொஞ்சம் மாத்திரையை வேறு எங்கே வைக்கலாம், அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் எந்த மையத்தில் மறுபடி வாங்கலாம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கவைத்த கேள்வி ஒன்று. ‘எச்.ஐ.வி. உள்ள ஒருவர் நேற்று இரவு கட்டாய உறவுக்கு ஆளானார். பெப் மருந்துக்கு அனுப்புவீர்களா?’ பெப் என்பது எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புள்ள சம்பவத்துக்குப் பிறகு, தொற்றாமல் தடுக்க எடுக்கும் மருந்து. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தவர்கள் உடனே ‘ஆமாம்’ என்பார்கள். பெப் தொற்று இல்லாதவருக்கானது. இவருக்கு அது தேவையில்லை, வழக்கமான ஏ.ஆர்.டி. தடைப்படாமல் தொடர வேண்டும். காயம், மற்ற பால்வினைத் தொற்றுகள் எல்லாம் அப்படியே பாக்கி இருக்கின்றன. கர்ப்பமாகும் வாய்ப்பு இருந்தால் அவசரக் கருத்தடையை 5 நாட்களுக்குள், முடிந்தவரை சீக்கிரம் எடுக்க வேண்டும். இத்தனையையும் சொன்ன பிறகு, முதலில் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன் என்றேன். நேர்காணல் குழுவில் ஒருவர் அதைத்தான் குறித்துக்கொண்டார்.

இன்னொன்று: தன் எச்.ஐ.வி. நிலையைக் கணவரிடம் சொல்லும்படி ஒரு பெண்ணை வற்புறுத்துவீர்களா? மாட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர் நினைக்கிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும். துணைவருக்குத் தெரிவிக்க உதவும் முறையை 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோதும் அது விருப்பத்தின் பேரில் என்றே வைத்தது. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து சமரசம் பேசுவேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ‘ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்’ என்ற தொனியும் ஆகாது. விட்டு வெளியேறும் காலம்தான் ஆபத்து கூடுகிற காலம். முன்பு கழுத்தை நெரித்திருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், கொலை வரை போகக்கூடிய எச்சரிக்கை அது.

எழுத்துத் தேர்வில், மருத்துவமனைத் தேதியை நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தி எழுதச் சொன்னார்கள். போன் அவர் கையில்தான் இருக்கும் என்று நாம் நம்பக் கூடாது. நோய், மருந்து, நிறுவனத்தின் பெயர் எதுவும் வரக் கூடாது. நான் ‘வியாழன் 10 மணி. முடியாவிட்டால் சொல்லவும்’ என்று எழுதி, இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பலாமா என்று அவரிடம் முன்பே கேட்டுவைத்திருக்க வேண்டும் என்று கீழே குறிப்பு போட்டேன். அப்புறம் ஒரு நடிப்புச் சோதனை. குழுவில் ஒருவர் கணவராகப் போன் செய்தார், ரொம்பப் பணிவாக.

‘என் மனைவி மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அங்கேதானே இருக்கிறாள்? கொடுத்துவிட்டுப் போகிறேன்.’

‘இங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை சார்.’

‘உடம்புக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு.’

அதற்கும் அதே பதில்தான். அந்தப் பெண் அங்கே இல்லாத நாளிலும் இதையே சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று ஒருநாள் சொல்லிப் பழகிவிட்டால், மறுநாள் சொல்லும் ‘சொல்ல முடியாது’ என்பதற்கு ‘இருக்கிறார்’ என்று அர்த்தமாகிவிடும்.

நீங்களே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர் என்றாலோ, வன்முறையைக் கடந்து வந்தவர் என்றாலோ, அதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். இப்படிப்பட்ட அனுபவத்தை வரவேற்கும் நிறுவனங்கள் உண்டு. சொல்வதாக இருந்தால் எதுவரை சொல்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். கண்டிப்பாகக் கேளுங்கள். ஒருவர் கையில் எத்தனை வழக்கு இருக்கும், இரவு போனை யார் எடுப்பது, கனமான வழக்குக்குப் பிறகு பேச மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்பது முக்கியம். சம்பளம் பெரும்பாலும் ஏதோ ஒரு நிதித் திட்டத்தை நம்பித்தான் இருக்கும். அந்த நிதி எந்த மாதம் முடிகிறது, அதன் பிறகு என் ஒப்பந்தம் என்னவாகும் என்று கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, தேதியைச் சொன்னார்கள். பணி ஆணையிலும் அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.