ரெண்டு நாள் பத்தியமும் மூணு மாச கணக்கும்

போன மாசம் அம்மாவ செங்கோட்டைல ஒரு லேபுக்கு கூட்டிட்டு போனேன், வெறும் வயித்துல சுகர் 122, ரிப்போர்ட் குடுத்தவங்க நல்ல கண்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லிட்டாங்க. அம்மா முகத்த பாக்கணுமே. அப்பறம் டாக்டர் எழுதி குடுத்து ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சுகர் சராசரிய காட்டுற டெஸ்ட், பாத்தா 8.1, கண்ட்ரோல்லயே இல்ல. "ஏட்டி, ரெண்டு நாளா சீனியவே தொடலியே"ங்காங்க.

அந்த ரெண்டு நாள்தான் பிரச்சனையே. மத்த நாளெல்லாம் காலைல கருப்பட்டி காப்பி, கருப்பட்டி கணக்குல வராதாம், அதுபோக புனலூர் அத்தை வரும்போதெல்லாம் நேந்திரங்கா சிப்ஸ்.

ரத்தத்துல ஓடுற குளுக்கோஸ் ஹீமோகுளோபின் புரதத்துல தானா போய் ஒட்டிக்கும், என்சைம் எதுவும் வேண்டாம், சுகர் எவ்ளோ கூடுதோ அவ்ளோ ஒட்டும், சிவப்பணுவுக்கு ஆயுசு சுமாரா 120 நாளுங்கறதால ரெண்டு மூணு மாச கதை அதுல பதிஞ்சு கெடக்கும், ஹெச்பிஏ1சி அளக்குறது அதத்தான். தோசை ஓரம் முறுகி செவக்குதே, அதுவும் இதே வகைதான், 1912ல மய்யார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதுன ரியாக்ஷன். கல்லுல நிமிஷத்துல நடக்குறது உடம்புல மாசக்கணக்குல நடக்குது.

சிவப்பணுவாச்சும் செத்து புதுசு வந்துரும். கண்ணு லென்ஸுக்குள்ள இருக்கற புரதம் அப்படி இல்ல, பொறந்தப்போ வந்தது கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும். தோலு, மூட்டுல எல்லாம் இருக்கற கொலாஜன்ங்கற புரதமும் லேசுல மாறாது. ஒட்டுன சீனி நாள்பட நாள்பட புரதங்கள ஒண்ணோட ஒண்ணு பின்னிப்போட்டுரும், ரத்தக்குழாய் வெறைச்சு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். சுகர்காரங்களுக்கு கண்புரை சீக்கிரமே வர்றது, தோள்பட்டை இறுகுறது எல்லாத்துலயும் இதுக்கு பங்கு இருக்கு. அம்மாவால ஒரு வருஷமா வலது கைய பின்னால கொண்டுபோய் கொண்டை போட முடியல, நான்தான் போட்டு விடுதேன். வயசுன்னு நெனச்சோம்.

புரதத்துல எது ஒட்டுனாலும் கெடுதல்னு இல்ல. இன்சுலின் வந்து தொட்டதும் அதோட ரிசப்டர்ல, அதாவது செல்லு மேல சேதி வாங்குற புரதத்துல, பாஸ்பேட் ஒட்டுனாதான் செல்லுக்குள்ள சேதியே போகும். அதே பாஸ்பேட் மூளைல டவ்ங்கற புரதத்துல அளவுக்கு மீறி ஏறிக் கெடக்கறத அல்சைமர்ங்கற மறதி நோய்ல பாக்காங்க.

இன்னொண்ணு, ரத்தசோகையோ, தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோயோ இருந்தா ஏ1சி நம்பர் தப்பா காட்டலாம், டாக்டர்ட்ட முன்னாடியே சொல்லிருங்க.

அடுத்த டெஸ்ட் ஓணம் கழிஞ்சு. பத்தியம் இல்லாம எப்பவும் போல சாப்ட்டுட்டுதான் போகணும்னு சொல்லிருக்கேன். நேத்து கருப்பட்டி டப்பாவ அம்மாவே எடுத்து மேல் தட்டுல வச்சாங்க, இடது கையால.