பன்றி யாருடையதோ, பணமும் அவருக்கே

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர் வாஷிங்டன். தலைநகர் என்று நினைத்துக்கொண்டு, "வெள்ளை மாளிகை பக்கமா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இன்னும் உண்டு. இங்கே மனிதர்கள் சுமார் 22,000 பேர், பன்றிகள் பத்து லட்சத்துக்கு மேல். பண்ணைக்காரர்களுக்கு வரிக் கணக்கு போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை.

2020 ஏப்ரல் தொடக்கத்தில், பக்கத்துக் கவுண்டியின் கொலம்பஸ் ஜங்ஷனில் உள்ள டைசன் இறைச்சி ஆலையில் கொரோனா பரவி, ஆலையை மூடினார்கள். பன்றி அதற்காகக் காத்திருக்குமா? தினம் இரண்டு பவுண்டு எடை கூடிக்கொண்டே போகும். எடை மிஞ்சினால் விலை குறையும், அடுத்த குட்டிகளை இறக்கக் கொட்டகையில் இடமும் இருக்காது.

நஷ்டப்பட்ட பண்ணைக்காரர்களுக்காக அமெரிக்க அரசு கொண்டுவந்த கொரோனா உணவு உதவித் திட்டத்துக்கு மே 26 முதல் மனு வாங்கினார்கள். முதல் சுற்றில் நேரடி உதவிக்கு 1,600 கோடி டாலர். செப்டம்பரில் இரண்டாவது சுற்று, 1,400 கோடி வரை. அரசாங்கம் சும்மா பணம் கொடுப்பது தப்பு என்று பேசும் ஊர் இது. ஆனால் எங்களிடம் வருபவர்களில் மனு போடாத பண்ணைக்காரர் ஒருவரும் எனக்கு நினைவில்லை. நான் குறை சொல்லவில்லை, அந்த வருட விலைக்கு யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

எனக்கு உறுத்தியது வேறு. முதல் சுற்றில் சோளத்துக்கான கணக்கு, ஜனவரி 15 அன்று விற்காமல் கையில் இருந்த இருப்பை வைத்து. கிடங்கு கட்டி விலைக்காகக் காத்திருக்க முடிந்தவருக்குப் பணம் வந்தது. பேங்க் கடனுக்காக அறுவடை முடிந்த கையோடு விற்றவருக்கு, விற்ற சோளத்துக்கு ஒன்றும் இல்லை.

பன்றிக் கணக்கு இதைவிட மோசம். இங்கே பல கொட்டகைகளில் நிற்கும் பன்றி கொட்டகைக்காரருடையது இல்லை. ஒப்பந்தப்படி குட்டியும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, கரன்ட், உழைப்பு, கொட்டகை கட்டிய கடன் எல்லாம் இவர் பாடு. நம் ஊரில் வாரத்துக்கு ஆடு வளர்ப்பவருக்குக் குட்டியில் பங்காவது கிடைக்கும், இவருக்கு அதுவும் கிடையாது. இரண்டாவது சுற்றில் பன்றி ஒன்றுக்கு 23 டாலர். 2,400 பன்றி நிற்கும் கொட்டகை என்றால் 55,200 டாலர். ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, அது பன்றியின் சொந்தக்காரருக்குப் போனது. கம்பெனி குட்டி இறக்காமல் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த கொட்டகைக்கு? பூஜ்யம். சந்தை விலை ஏறி இறங்குவதில் ஒப்பந்தத்துக்கு வளர்க்கும் கொட்டகைக்காரருக்கு நஷ்டம் இல்லையாம், அதுதான் விதியின் வாதம். காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரியும்.

அப்படி ஒப்பந்தத்துக்குப் பன்றி வளர்க்கும் ஒரு கணவன் மனைவி 2021 பிப்ரவரியில் எங்களிடம் வந்தார்கள். வரிக் கணக்கு கொடுக்கப் பண்ணைக்காரர்களுக்கு மார்ச் 1 கெடு என்பதால் அலுவலகம் முழுக்க ஒரே கூட்டம். ஷெட்யூல் எஃப் என்ற பண்ணை வருமானப் படிவத்தில் அரசு உதவியை எழுதும் கட்டத்துக்கு நான் வந்ததும், "அங்கே சைபர் போடுங்கள்" என்றார் கணவர். டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தில் ஒப்பந்தக்காரர்களுக்கும் உதவி உண்டு என்று நான்தான் சொன்னேன். வருமானம் குறைந்ததில் 80 சதவீதம் வரை ஈடு. ஆனால் விதிகளைச் சரிசெய்து, 2018 அல்லது 2019 வருமானத்தோடு ஒப்பிடலாம் என்று அறிவிக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. மனுவுக்குக் கடைசி நாள் அக்டோபர் 12. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்ட முதல் சுற்றுக்குத் தேவைப்பட்டது சில வாரங்கள்தான்.

அடுத்த வருடம், அரசு கொடுத்த பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவத்தோடு வந்தார்கள். இந்தப் பணத்துக்கு வருமான வரி மட்டும் இல்லை, சுயதொழில் வரியும் கட்டவேண்டும் என்றேன். "அதானே பார்த்தேன்" என்று அந்த அம்மா செக் புத்தகத்தை எடுத்தார்.