பத்தாம் திகதி முடியட்டும்

ஜூலை 12, சனி

தண்ணீர்ப் போத்தல் இன்றும் நிறைந்தபடியே வந்தது. ஏழரைக்கு ரியூசனுக்குப் போன பிள்ளை பன்னிரண்டரைக்கு வருகிறான். ஓகஸ்ட் பத்தாம் திகதி ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. தகரக் கொட்டில், யாழ்ப்பாணத்து வெயில், ஒரு வாங்கில் ஆறு பேர். ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை. கேட்டால் தாகமில்லையாம்.

இன்றைய மாதிரித் தாளில் 200க்கு 162.

ஜூலை 13, ஞாயிறு

158.

பின்னேரம் குளிக்க வார்க்கும்போது கண்டேன். முழங்காலுக்குப் பின்பக்கம் இரண்டு கோடு. கதிரையில் இடிபட்டது என்றான். பதினான்கு வருடமாகப் படிப்பிக்கிறேன். கதிரை இடித்தால் எப்படிக் கன்றும், தடி பட்டால் எப்படிச் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? துவாயால் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். 170க்குக் கீழே போனால் ரியூசன் சேரிடம் ஐந்து புள்ளிக்கு ஓர் அடியாம். 158 என்றால் இரண்டு. நேற்று ஒன்று. கணக்கை எனக்கு விளங்கப்படுத்திய விதத்தைப் பார்க்க வேண்டும், வகுத்தல் கணக்குச் செய்து காட்டுவதுபோல, மீதி இரண்டை விட்டுவிடுவாராம்.

"சேரிட்டைக் கேக்காதேங்கோ அம்மா. பின் வாங்குக்கு அனுப்பிடுவார்."

அம்மாவிடம் சொன்னேன். "அடியாத மாடு படியாது, உனக்கும் அடிச்சுத்தானே படிப்பிச்சவை" என்றா. உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னமும் வாய்ப்பாடு ஏழில் தடுக்குகிறது. அதை அவவுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 16

இன்று வகுப்பில் ஒருவன் கொப்பியைக் கிழித்தான். கையை ஓங்கிவிட்டு இறக்கினேன். உடல் தண்டனை கூடாது என்று 2016இல் அமைச்சின் சுற்றறிக்கை வந்தபோது வாசித்துக் கையொப்பம் வைத்தவள் நான். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை வரும், கோட்டக் கல்விப் பணிப்பாளர் வருவார். கொட்டிலுக்கு யார் வருகிறார்கள்? மாதக் காசோடு பெற்றோர் மட்டும்தான் போகிறோம்.

ஜூலை 20, ஞாயிறு

இவர் கொழும்பிலிருந்து எடுத்தார். எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பத்தாம் திகதி முடியட்டும். இப்ப குழப்பினா பிள்ளைதான் குழம்பும்."

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். அவர் வாயால் வந்தபோது கோபம் வந்தது.

போத்தல் நிறைய.

ஜூலை 26, சனி

171! வாசலிலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவன் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தபோது எனக்குள் வந்த முதல் நினைப்பு: பரவாயில்லை, அடி வேலை செய்திருக்கிறது.

இதை எழுதி வைக்கிறேன். அழிக்கக் கூடாது.

ஜூலை 29

நல்லூர்க் கொடியேற்றம். அம்மா மட்டும் போய் வந்தா, இவனுடைய பெயருக்கு அர்ச்சனை. எனக்கு விபூதியும் இவனுக்கு ஒரு மாதிரி வினாத்தாளும். கொடியேற்ற நாளிலும் வகுப்பு.

ஓகஸ்ட் 2, சனி

கட்டணம் கட்டுகிற சாட்டில் உள்ளே போனேன். மலசலகூடம் பின்பக்கம், கிணற்றடி தாண்டி. கதவில் கொளுக்கி இல்லை. கொளுக்கி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. அங்கே நின்றுகொண்டு என் கையில் இருந்த காசை எண்ணினேன், ஏன் என்று தெரியவில்லை.

இரவு படுக்கையில் வைத்துக் கேட்டேன். உள்ளே போனால் ஓ.எல். படிக்கிற அண்ணாமார் கதவை உதைப்பார்களாம். ஒருநாள் போனில் படம் எடுத்தார்களாம். யாரை? வேறு பிள்ளையையாம். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னான். அதுதான் தண்ணீர் குடிப்பதில்லை. மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் அந்தப் போத்தலைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சேரிடம் சொன்னாயா என்றேன். "சொன்னா, வகுப்பு நேரத்திலை ஏன் போறாய் எண்டு அடிப்பார்."

1929. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது, வெளிக்கோட்டுக்கு நான்தான் நீல மை அடித்தேன்.

எட்டு நாள்தானே.

ஓகஸ்ட் 6

இன்று நள்ளிரவோடு புலமைப்பரிசில் வகுப்புகள் எல்லாம் நிறுத்தம், பரீட்சைத் திணைக்களத்தின் தடை. அப்பாடா என்று இருந்தேன். ஒன்பது மணிக்கு ஒரு தாய் எடுத்தா. நாளை இரவு சேர் வீட்டில் பதினைந்து பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பாம், குழுவில் ஒருவரும் எழுதக் கூடாதாம். "போன முறை மூண்டு கேள்வி வெளியிலை வந்து கோட்டு வழக்கு வரைக்கும் போனதெல்லோ, இந்த முறை சேருக்கு என்ன தெரியுமோ" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னா.

ஓகஸ்ட் 7

அனுப்பவில்லை. அழுதான். மற்றப் பதினான்கு பேரும் போகிறார்களாம். எனக்கும் நித்திரை இல்லை. போன முறைபோல ஒரு கேள்வி இன்றிரவு அங்கே சொல்லப்பட்டிருந்தால்?

ஓகஸ்ட் 9

பென்சில் நான்கு. அழிறப்பர். அனுமதி அட்டை இல்லை, வரவு இடாப்பு பள்ளிக்கூடத்தில். இதை இன்று ஐந்து முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இப்போதெல்லாம் இரண்டாம் பத்திரம்தான் முதலில். கேற்றுக்கு வெளியே தாய்மார் மதிலோடு மதிலாக. ஒருத்தி கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தா. வெளியே வந்தவன், "லேசு" என்றான். பிறகு, "ஒண்டு பிழைச்சிட்டன், எத்தினை அடி?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

போத்தலைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 12

சேர் எடுத்தார். தரம் ஆறு வகுப்பு பதினெட்டாம் திகதி தொடங்குகிறதாம். "தம்பிக்கு முன் வாங்கிலை இடம் வைக்கிறன்."

"சரி சேர்" என்றேன்.

சரி சேர்!

ஓகஸ்ட் 13

மதியம், வீட்டுக்குப் பின்னால் நின்று 1929க்கு எடுத்தேன். தமிழில் பேசலாமா என்று கேட்டேன். பேசலாம் என்றாள், சின்னக் குரல். பிள்ளையின் வயது? பத்து. உங்கள் பிள்ளையா, தெரிந்த பிள்ளையா? என் பிள்ளை. கதவில் இருந்து தொடங்கினேன், அடியைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு கேட்டாள், "எவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியும் அக்கா?"