டீசல் எஞ்சினின் பின்னழுத்த வால்வைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல்

கனடாவின் ஒன்டாரியோவில் பழைய டீசல் பிக்கப் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்த காலத்தில், குளிர் தொடங்கியதும் சில வண்டிகள் ஒரே குறையோடு வந்து நிற்கும். காலையில் வண்டி இழுக்காது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் புகைக்குழாயில் காற்று சீறும். 1994 முதல் 2003 வரை விற்பனையான ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தால், டர்போவின் (புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவியின்) வெளிவாயில் உள்ள பின்னழுத்த வால்வைத்தான் முதலில் பார்ப்பேன்.

டீசல் எஞ்சின் வெறுமனே ஓடும்போது சூடேற வெகுநேரமாகும் என்பதால், குளிர்ந்த நிலையில் இந்த வால்வின் வட்டத் தகடு புகையின் வழியை அடைத்து எஞ்சினுக்குச் சுமை கொடுக்கிறது. அந்தச் சுமையால் தண்ணீர் விரைவில் சூடாகி, ஓட்டுநர் அறைக்குள் வெப்பக்காற்று சீக்கிரம் வருகிறது. கணினி ஆணையிட்டதும் டர்போவைத் தாங்கும் பீடத்திலுள்ள சொலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் சிறு திறப்பான்) எஞ்சின் ஆயில் அழுத்தத்தைப் பிஸ்டனுக்குக் கொடுக்க, பிஸ்டன் தண்டைத் தள்ளி வால்வை மூடுகிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும்.

தற்காலிக நிறுத்தத்துக்கு வழிசெய்வது இந்த ஸ்பிரிங்தான். எஞ்சின் ஆறியபின் சொலினாய்டின் மின் கனெக்டரைக் கழற்றி, வாயை டேப்பால் மூடி, சூடான குழாய்களைத் தொடாதபடி கட்டிவைத்தால் போதும். பழைய பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் பூட்டை அவசரப்பட்டு நெம்பக் கூடாது. வண்டியின் கணினியில் பி0475 என்ற பிழைக்குறி பதிவாகலாம்; அதை உரிமையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இந்த வேலையின் பெரிய பயன் நோயறிதலில் இருக்கிறது என்றே கருதுகிறேன். கழற்றியபின் மறுநாள் குளிர்ந்த காலையில் சீற்றம் மறைந்து வண்டி இழுத்தால், வால்வு இயங்குகிறது, அதற்கு வரும் ஆணைதான் தவறு என்று தெரியும். அப்போது பின்னழுத்த சென்சாருக்குச் செல்லும் மெல்லிய குழாய் கரியால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழற்றியும் மாற்றமில்லை என்றால் தகடு துருவேறி இறுகியிருக்கலாம். சாலையில் தூவும் உப்பு இந்தப் பகுதி வண்டிகளை அரித்துவிடுகிறது. தண்டின் நெம்பைக் கையால் அசைத்து, அது முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்காமல் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு வண்டியை அனுப்புவதை நான் ஏற்பதில்லை. மூடிய தகட்டோடு பாரம் இழுத்தால் புகையின் வெப்பம் ஏறி டர்போவுக்குக் கேடு வரும்.

இன்னொன்றும் உண்டு. பீடத்தின் சீல்கள் தேய்ந்தால் கசியும் ஆயில் எஞ்சினின் பின்புறமாக வழிந்து, கியர்பெட்டியை இறக்கினால்தான் மாற்ற முடிகிற கிராங்க் தண்டின் பின் சீல் போய்விட்டதுபோல் தோன்றும். கியர்பெட்டியை இறக்கச் சொல்வதற்கு முன் டர்போவின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் உரிமையாளருக்குப் பெருஞ்செலவு மிச்சமாகும். அந்தக் கசிவைக் கனெக்டர் கழற்றுவது நிறுத்தாது. சீல்களை மாற்றியே ஆக வேண்டும்.

புகை சுத்திகரிப்பு வடிகட்டி பொருத்திய பிற்கால எஞ்சின்களில் இத்தகைய வால்வு அந்த அமைப்பின் பகுதியாகவே இருப்பதால், அவற்றில் இந்த முறையைக் கையாள மாட்டேன். பழைய வண்டியிலும், உதிரிப்பாகம் வரும்வரை இரவில் பிளாக் ஹீட்டரை (நிறுத்திய எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவியை) மின்சாரத்தில் செருகிவைக்கச் சொல்லி, கழற்றிய கனெக்டரைப் பற்றி வேலைச்சீட்டில் எழுதிய பின்பே சாவியைக் கொடுப்பேன்.