3970010: பிளாக்கில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

ஷெவர்லே 350 ஸ்மால் பிளாக், அதாவது 350 கன அங்குல வி8 இன்ஜினின் பிளாக். பிரித்துக் கழுவி ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று.

கியர்பாக்ஸ் பொருந்தும் பின்பக்க பெல் ஹவுசிங் விளிம்பில், டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டியில் இடது), அப்பியிருந்த பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்ததும் எண் எழும்பியது: 3970010. மறுபக்கம் வார்த்த தேதி: சி 15 2. ஏ என்றால் ஜனவரி, சி என்றால் மார்ச்; கடைசி இலக்கம் ஆண்டு. ஆக 1972 மார்ச் 15. அந்த இலக்கம் 9 ஆக இருந்தால் 1969-ஆ 1979-ஆ என்ற குழப்பம் வரும்.

வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள மேடையில் குத்திய எழுத்து வி0322 என்று தொடங்குகிறது. பிளின்ட் ஆலை, மார்ச் 22. வார்த்து ஒரு வாரம் கழித்துப் பூட்டியது, கணக்கு சரி. இந்தத் தேதி வார்ப்புத் தேதிக்கு முந்தியிருந்தால் யாரோ மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டெக்கை (ஹெட் உட்காரும் மேல்பரப்பை) சீவினால் இந்த எழுத்து போய்விடும், முன்னாடியே படம் எடுத்துக்கொள்ளவும்.

3970010 என்பது வார்ப்பு அச்சின் அடையாளம், அவ்வளவுதான். 1969-இல் 302, 327 கன அங்குல இன்ஜின்கள் கூட இதே வார்ப்பில் வந்தன. கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்டா நான்கா என்பதும் இதில் தெரியாது. ஆயில் பானைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

டைமிங் கவருக்குப் பின்னால் 010, 020 இருந்தால் 1% வெள்ளீயம், 2% நிக்கல் என்று விற்பவர்கள் விலை ஏற்றுவார்கள். சாம்பல் வார்ப்பிரும்பில் வெள்ளீயம் 0.1% அளவில் சேர்த்தாலே போதும், அதைத் தாண்டினால் நொறுங்கும் தன்மை வரும். 1% யாரும் போடமாட்டார்கள். நிக்கல் இருக்கிறதா என்று தெரிய ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைதான் வழி.

தரத்தைச் சொல்வது போரின் (பிஸ்டன் ஓடும் துளையின்) சுவர்த் தடிமன். வார்க்கும்போது உள்ளிருக்கும் மணல் கரு நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும். முன்புறம் கேம் ஷாஃப்ட் துளை அதன் வார்ப்பு வளையத்தின் நடுவில் இல்லையென்றால் அப்போதே சந்தேகப்படலாம்.

அல்ட்ராசானிக் மீட்டரை எஃகுக்கான வேகத்திலேயே விட்டு அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் வார்ப்பிரும்பில் ஒலி மெதுவாகப் போகிறது. உடைந்த பழைய பிளாக்கின் சுவர்த் துண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, மீட்டர் அதே அளவு காட்டும்படி வேகத்தைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். ஒவ்வொரு போரிலும் நான்கு திசை, மூன்று ஆழம்; எட்டுக்கும் சேர்த்து 96 அளவு. மீட்டர் முனைக்கும் சுவருக்கும் நடுவே தடவும் ஜெல் காய்ந்தால் எண் தாவும்.

பிஸ்டன் அழுத்தும் பக்கம் முக்கியம்: டிரைவர் பக்க வரிசையில் லிஃப்டர் பள்ளத்தை ஒட்டிய சுவர், மறு வரிசையில் வெளிச்சுவர். மிக மெலிந்தது மறு வரிசையில் உள்ள 6-ஆம் போரின் வெளிச்சுவர்: 140 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே போரின் உட்சுவர் 205. கரு நகர்ந்திருக்கிறது, ஆனால் கைவிடும் அளவுக்கு இல்லை. விட்டம் 30 தௌ கூடும்படி ரீபோர் செய்தால் (துளையைக் கடைந்து பெரிதாக்கினால்) பக்கத்துக்கு 15 போகும், மிச்சம் 125. அழுத்தும் பக்கம் 120-க்குக் கீழே போகாமல் வைப்பதால் 60 தௌவுக்கு இதில் இடமில்லை.

30 தௌ பிஸ்டனுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அவை வந்து அளந்த பிறகே ரீபோர்.